ஆடம் லாம்பர்ட்: தன் பிம்பத்துக்காக ஒரு பாடகர் யார் யாரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது?

2010 அக்டோபர் 14, வியாழக்கிழமை இரவு. கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் புத்ரா உள்ளரங்கத்தில் அமெரிக்கப் பாடகர் ஆடம் லாம்பர்ட்டின் கச்சேரி. வெளியே பாஸ் கட்சியினரின் எதிர்ப்பு. அவர்கள் ஆட்சேபித்தது பாட்டை அல்ல, பாடுகிறவரை. லாம்பர்ட் தன்பாலீர்ப்பாளர், அதை மறைக்காதவர்.

கச்சேரி ரத்தாகவில்லை. ஆனால் அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தன. மலேசிய அரசாங்கத்துக்கு மரியாதை தரும் விதத்தில் நிகழ்ச்சியில் சில சின்ன மாற்றங்கள் செய்வதாக லாம்பர்ட் முன்கூட்டியே சொன்னார். அதன்படியே பாடிவிட்டுப் போனார்.

இந்த ஒரு இரவை மட்டும் பார்த்தால், 'கட்டுப்பாடான நாடு, கட்டுப்பாடு இல்லாத கலைஞர்' என்று கதையைச் சுலபமாக முடித்துவிடலாம். அதுக்கு முந்தின 18 மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் அப்படி முடிக்க முடியாது. அமெரிக்காவிலேயே ஒரு தொலைக்காட்சி அவரை 'கொஞ்சம் அடக்கி வாசி' என்றது. ஒரு பத்திரிகை 'நீ போதுமான அளவு வெளிப்படையா இல்ல' என்றது. புக்கிட் ஜாலிலுக்கு வருவதற்குள் அவருக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது.

யார் இந்த ஆடம் லாம்பர்ட்?

1982-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பிறந்தவர், கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் வளர்ந்தவர். சின்ன வயதிலிருந்தே மேடை நாடகம். 19 வயதில் ஒரு சுற்றுலாக் கப்பலில் பாடகர் வேலை. அப்புறம் லாஸ் ஏஞ்சலிஸில் 'விக்கெட்' இசை நாடகத்தில் ஒரு கதாபாத்திரத்துக்கு மாற்று நடிகர். அதாவது, நடிக்க வேண்டியவர் வராத நாளில் மட்டும் மேடை ஏறுகிறவர்.

நாடக உலகத்தில் அவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். 18 வயதிலேயே குடும்பத்திடம் சொல்லிவிட்டார். கண் மை, நகப்பூச்சு, மினுங்குகிற சட்டை எதுவும் அங்கே கேள்வி ஆகவில்லை.

2009-ல் 'அமெரிக்கன் ஐடல்' எட்டாவது சீசனுக்குள் நுழைந்தார். அந்த நிகழ்ச்சியின் கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். 2004-ல் ஜேக்லின் விக்டர் ஜெயித்த 'மலேசியன் ஐடல்' அதே அச்சில் வார்த்தது. நடுவர்கள் பேசுவார்கள், ஆனால் முடிவு செய்வது வீட்டில் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறவர்கள். குரல் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, பாடுகிறவரை மக்களுக்குப் பிடிக்க வேண்டும். பிம்பம்தான் அங்கே ஓட்டு.

தேர்வுச் சுற்றில் லாம்பர்ட் பாடியவற்றில் ஒன்று குவீன் இசைக்குழுவின் 'பொஹீமியன் ராப்சடி'. இந்தக் குவீன் பின்னால் திரும்பவும் வரும், ஞாபகம் வெச்சுக்குங்க. 'மேட் வேர்ல்ட்' பாடிய இரவில், எளிதில் யாரையும் பாராட்டாத நடுவர் சைமன் கவல் எழுந்து நின்று கைதட்டினார்.

படங்கள் வெளியானபோது என்ன சொன்னார்?

சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, லாம்பர்ட் இன்னொரு ஆணை முத்தமிடும் பழைய படங்கள் இணையத்தில் பரவின. ஃபாக்ஸ் நியூஸில் பில் ஓ'ரைலி அதை விவாதப் பொருளாக்கினார். இத்தனைக்கும் ஐடல் ஒளிபரப்பானதும் ஃபாக்ஸ் குழுமத்தின் அலைவரிசையில்தான்.

அவருக்கு முன்னால் இரண்டு வழிகள்தான் இருந்த மாதிரித் தெரிந்தது: மறுக்கலாம், அல்லது அறிவிக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. படத்தில் இருப்பது தான்தான் என்று ஒத்துக்கொண்டார், மறைக்க ஒன்றுமில்லை என்றார், அதோடு நிறுத்திக்கொண்டார். 'நீங்கள் தன்பாலீர்ப்பாளரா?' என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை எதுவும் சொல்லவில்லை.

இதைத்தான் பலர் அப்போது 'தப்பிக்கிறார்' என்று சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பாட்டுப் போட்டியின் நடுவில் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால், அடுத்த வாரத்திலிருந்து அவர் என்ன பாடினாலும் அது 'தன்பாலீர்ப்பாளர் பாடிய பாட்டு' ஆகியிருக்கும். பொய் சொல்லாமலும், தலைப்புச் செய்தி ஆகாமலும் இருக்க அவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

2009 மே 20 இறுதிச் சுற்றில் குவீன் குழுவின் பிரையன் மேயும் ராஜர் டெய்லரும் மேடைக்கு வந்து இரண்டு போட்டியாளர்களோடும் வாசித்தார்கள். கிட்டத்தட்ட 10 கோடி வாக்குகள் பதிவானதாக நிகழ்ச்சியில் அறிவிக்கப்பட்டது. ஜெயித்தவர் கிரிஸ் ஆலன். கிடார், அமைதியான முகம், திருமணமானவர், தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். லாம்பர்ட்டுக்கு இரண்டாவது இடம்.

அவர் தோற்றது அந்தப் படங்களால்தானா? ஆமாம் என்று எழுதியவர்கள் நிறைய. ஆனால் அந்த ஓட்டுகளைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. கிரிஸ் ஆலனும் நன்றாகப் பாடினவர்தான்.

'நான் பாடகன், போராளி இல்ல'

போட்டி முடிந்த அடுத்த மாதம் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் அட்டையில் லாம்பர்ட். உடம்பில் ஒரு பாம்பு ஊர்கிற மாதிரி படம். உள்ளே பேட்டியில், தான் தன்பாலீர்ப்பாளர் என்பது யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது என்று சொன்னார். அதில் தனக்குப் பெருமைதான், ஆனால் தான் பாடகராக இருக்கப் பார்க்கிறவர், சமூக உரிமைத் தலைவர் ஆகப் பார்க்கிறவர் இல்லை என்ற பொருளிலும் பேசினார்.

இந்த இரண்டாவது பாதிதான் பின்னால் வினையானது.

அவருக்கு முன்னால் இருந்த உதாரணங்களைப் பார்த்தால் இது எவ்வளவு புதிய நிலைமை என்பது புரியும். ஜார்ஜ் மைக்கேல் 1980-களில் உலகின் பெரிய பாப் நட்சத்திரம். விளம்பரங்களில் அவருடைய பிம்பம் பெண் ரசிகைகளுக்காகவே செதுக்கப்பட்டது. அது சலித்துப்போய், 1990-ல் வந்த ஆல்பத்தின் அட்டையில் தன் முகமே வேண்டாம் என்றார். 'ஃப்ரீடம் 90' காணொளியில் அவர் வரவே இல்லை, மாடல் அழகிகள் வாயசைத்தார்கள். அந்த ஆல்பத்தைச் சரியாக விளம்பரப்படுத்தவில்லை என்று சோனி நிறுவனத்தோடு வழக்குக்குப் போய் 1994-ல் தோற்றார். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகப் பேசியது 1998 ஏப்ரலில், கலிஃபோர்னியாவில் ஒரு பொதுக் கழிப்பறையில் கைதான பிறகு. அதாவது, அந்த விஷயத்தை உலகத்துக்கு முதலில் சொன்னது அவர் இல்லை, போலீஸ்.

குவீன் பாடகர் ஃப்ரெடி மெர்குரி கதை இன்னும் நமக்குப் பக்கத்தில். ஜான்சிபாரில் பிறந்த பார்சி, இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் பள்ளிப் படிப்பு. மேடையில் அவரைப் போலப் பகட்டாக இருந்தவர் குறைவு. ஆனால் பேட்டிகளில் தன் இந்தியப் பின்னணியைப் பற்றியும் அதிகம் பேசமாட்டார், தன் பாலீர்ப்பைப் பற்றியும் நேராகச் சொல்லமாட்டார். எய்ட்ஸ் இருப்பதாக அறிக்கை வெளியிட்ட மறுநாள், 1991 நவம்பர் 24-ல் இறந்தார்.

இவர்கள் எல்லாம் முதலில் புகழ் அடைந்து, அப்புறம் தெரியவந்தவர்கள். லாம்பர்ட்டின் முதல் ஆல்பம் வருவதற்கு முன்னாலேயே அவரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். ஒரு பெரிய இசை நிறுவனம் அந்த நிலையில் ஒரு ஆண் பாடகரை எப்படி விற்பது? அதுக்கு அப்போது யாரிடமும் முன்மாதிரி கிடையாது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி

2009 நவம்பரில் முதல் அடி வந்தது, எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து.

'அவுட்' என்பது அமெரிக்காவில் தன்பாலீர்ப்பு வாசகர்களுக்கான முக்கியமான பத்திரிகை. அந்த ஆண்டின் 100 முக்கிய நபர்கள் இதழின் அட்டையில் லாம்பர்ட்டும் இருந்தார், ஆனால் தனியாக இல்லை, சிண்டி லாப்பர் முதலான சிலரோடு சேர்ந்து. அதே இதழில் ஆசிரியர் ஏரன் ஹிக்ளின் லாம்பர்ட்டுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அவரைத் தனியாக அட்டையில் போடக் கூடாது, பேட்டி ரொம்பவும் 'கே' ஆக இருக்கக் கூடாது என்றெல்லாம் லாம்பர்ட்டின் விளம்பரக் குழு நிபந்தனை போட்டதாகக் குற்றச்சாட்டு. ரோலிங் ஸ்டோன் மாதிரிப் பொதுப் பத்திரிகைக்குத் தாராளமாகப் பேசுகிறவர், தன் சமூகத்துப் பத்திரிகை என்றால் மட்டும் ஏன் தயங்க வேண்டும் என்பது கேள்வி.

லாம்பர்ட் ட்விட்டரில் பதில் சொன்னார்: உங்கள் பத்திரிகையின் நோக்கத்தை என் தொழில் வாழ்க்கை மேல் ஏற்றாதீர்கள் என்ற பொருளில். அவருக்கு வேண்டியது தன்பாலீர்ப்பு ரசிகர்கள் மட்டும் இல்லை, எல்லாரும்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் படுகிறது. காலம் காலமாக ஒளிந்து வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு, கடைசியில் ஒருவர் ஒளியாமல் வருகிறார், அவரும் தள்ளி நிற்கிறார் என்றால் வலிக்கும். ஆனால் 27 வயதுக்காரர் ஒருவர் பாட வந்த இடத்தில், கோடிப் பேரின் கொடியையும் சேர்த்துத் தூக்கு என்பது சின்ன சுமை இல்ல.

நம்ம ஆட்களுக்கு இந்தச் சுமை தெரியும். ஒரு துறையில் தமிழர் ஒருவர் மேலே வந்தால் போதும், மறுநாளே 'நம்ம இனத்துக்கு என்ன செஞ்சார்?' என்று கேட்டுவிடுவோம்.

ஒரு முத்தம், சுமார் 1,500 புகார்

'அவுட்' சர்ச்சை ஆறுவதற்குள் அடுத்தது. 2009 நவம்பர் 22, அமெரிக்க இசை விருது விழா. ஏபிசி தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு, கடைசி நிகழ்ச்சி லாம்பர்ட்டுடையது. மறுநாள் அவருடைய முதல் ஆல்பம் 'ஃபார் யுவர் என்டர்டெயின்மென்ட்' கடைக்கு வருகிறது.

மேடையில் நடனக் கலைஞர்களைக் கயிற்றில் கட்டி இழுத்தார், பாலுறவைக் குறிக்கும் அசைவுகள் செய்தார், நடுவில் கீபோர்டு வாசித்த ஆணை இழுத்து முத்தமிட்டார். முத்தம் ஒத்திகையில் இல்லாதது, அந்த நேரத்து உற்சாகத்தில் நடந்தது என்று பின்னால் சொன்னார்.

ஏபிசிக்கு சுமார் 1,500 புகார்கள் வந்தன. சில நாளில் அவர் பாட வேண்டியிருந்த தங்கள் காலை நிகழ்ச்சியை ஏபிசி ரத்து செய்தது. போட்டி நிறுவனமான சிபிஎஸ் உடனே அவரைத் தன் காலை நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டது.

இங்கேதான் இந்தக் கதையிலேயே அதிகம் பேச வேண்டிய விஷயம் நடந்தது. சிபிஎஸ் சர்ச்சையை விளக்க இரண்டு படங்களைக் காட்டியது. ஒன்று, 2003-ல் ஒரு விருது மேடையில் மடோனா பிரிட்னி ஸ்பியர்ஸை முத்தமிட்டது. இன்னொன்று லாம்பர்ட்டின் முத்தம். முதல் படம் தெளிவாக வந்தது. லாம்பர்ட்டின் படம் மங்கலாக்கப்பட்டது.

பெண் பாடகிகள் பல வருஷமாக மேடையில் செய்வதைத்தான் தானும் செய்தேன், ஆண் செய்தால் மட்டும் வேறு அளவுகோலா என்று லாம்பர்ட் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாதத்துக்கு அவர் தேடியிருந்தாலும் இதைவிட நல்ல ஆதாரம் கிடைத்திருக்காது.

அதுக்காக அந்த நிகழ்ச்சியை அப்படியே ஆதரிக்க வேண்டும் என்று இல்லை. பாட்டும் சரியாக அமையவில்லை, நடுவில் தடுக்கியும் விழுந்தார். அமைதியாக இருந்து சம்பாதித்த நல்ல பெயரை ஆறு மாதத்தில் ஒரே மேடையில் செலவழித்துவிட்டார் என்று அவரை விரும்பியவர்களே சொன்னார்கள்.

ஆல்பம் என்னவோ விழவில்லை. அமெரிக்கப் பட்டியலில் மூன்றாவது இடத்தில் தொடங்கியது. அவரைக் காப்பாற்றியது அந்தச் சர்ச்சைப் பாட்டு இல்லை, பிங்க், மேக்ஸ் மார்ட்டின், ஷெல்பேக் மூவரும் எழுதிய 'வாட்டயா வான்ட் ஃப்ரம் மீ'. யார் யாரைக் காதலிக்கிறார் என்பதே தெரியாத, எவரும் தனக்காக எடுத்துக்கொள்ளக்கூடிய பாட்டு. முதல் பத்துக்குள் வந்தது, கிராமி பரிந்துரையும் கிடைத்தது. மலேசியாவில் பலருக்கு அவரைத் தெரியவந்ததும் இந்தப் பாட்டால்தான்.

புக்கிட் ஜாலிலில் என்ன நிபந்தனை?

வெளிநாட்டுக் கலைஞர் யார் மலேசியாவில் மேடை ஏறினாலும் 'புஸ்பால்' என்ற அரசாங்க அமைப்பின் அனுமதி வேண்டும். அந்தக் காலத்து வழிகாட்டிகளில் உடை, பேச்சு, மேடை நடத்தை எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. பெண் கலைஞர் மார்பிலிருந்து முழங்கால் வரை மறைக்க வேண்டும். கட்டிப்பிடிப்பது, முத்தமிடுவது, பார்வையாளர் பக்கம் எதையாவது வீசுவது கூடாது. 2007-ல் அதே புக்கிட் ஜாலிலில் பாடிய குவென் ஸ்டெஃபானி உடம்பை மூடிய உடையோடுதான் பாடினார்.

அதனால் 'லாம்பர்ட்டுக்கு மட்டும் தனி விதி' என்பது முழுக்கச் சரியில்லை. விதி எல்லாருக்கும் இருந்தது. வித்தியாசம், மற்றவர்கள் விஷயத்தில் பிரச்சினை உடையில் தொடங்கி உடையில் முடிந்தது. இவர் விஷயத்தில் அவர் வருவதே பிரச்சினை. இளைஞர்களிடம் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கும் என்று சொல்லி கச்சேரியையே நிறுத்தக் கேட்டது பாஸ்.

சட்டமும் பின்னணியில் இருக்கிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் தன்பாலினத்தவர் இடையிலான உடலுறவைக் குற்றமாக்குகின்றன. 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க இடம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் எழுதி, இங்கேயும் கொண்டுவந்த சட்டத்தின் வழி வந்தவை இவை. முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டங்களும் தனியாக உண்டு. ஆனால் ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்பதே இந்தப் பிரிவுகளில் குற்றம் இல்லை, செயல்தான் குற்றம். அந்த இடைவெளிக்குள்தான் 2010-ல் அந்தக் கச்சேரி நடந்தது.

லாம்பர்ட் செய்தது ஒரு பேரம்: 'என்னை மாற்றச் சொல்லாதீர்கள், நிகழ்ச்சியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.' கண் மை இருந்தது, ஆட்டம் இருந்தது. முத்தம் மட்டும் இல்லை.

கெடா செர்டாங் பக்கம் வளர்ந்தவர்களுக்கு (சிலாங்கூர் செர்டாங் இல்ல, பண்டார் பாரு மாவட்டத்து செர்டாங்) அந்தக் கச்சேரி சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி நடந்த விஷயம். ரப்பர் போய் செம்பனை வந்த தோட்டங்கள், பாரிட் புந்தாருக்கோ கூலிமுக்கோ போனால்தான் பெரிய கடைவீதி. ஆனாலும் தோட்டத்து மேடைகளுக்கு ஆண் ஒருவர் மை பூசி, புடவை கட்டி ஆடுவது புதுசே இல்ல. பழைய நாடகங்களில் பெண் வேடம் கட்டியவர்கள் பலர் ஆண்கள்தான், விடிய விடிய கைதட்டி ரசித்திருக்கிறோம். வேடம் கலைந்த பிறகும் ஒருவர் அப்படியே இருந்தால்தான் கிசுகிசு தொடங்கும். 1,500 அமெரிக்கர்கள் ஏபிசிக்கு போன் போட்ட காரணமும் இதிலிருந்து ரொம்ப தூரம் இல்லை என்று நினைக்கிறேன். நாடக மேடையில் அவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

மங்கலாக்கப்பட்ட வரிகள், வெட்டப்பட்ட காட்சிகள்

லாம்பர்ட் வந்துபோன நான்கே மாதத்தில், 2011 பிப்ரவரியில், லேடி காகாவின் 'பார்ன் திஸ் வே' வந்தது. தன்பாலீர்ப்பாளர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வரியை மலேசியாவின் சில தனியார் வானொலிகள் புரியாத சத்தமாக மாற்றி ஒலிபரப்பின.

2018-ல் ஃப்ரெடி மெர்குரி பற்றிய 'பொஹீமியன் ராப்சடி' படம் இங்கே திரைக்கு வந்தபோதும் சில காட்சிகள் இல்லை. சமூக ஊடகத்தில் 24 நிமிடம் வெட்டப்பட்டது என்ற பேச்சு பரவியது, தணிக்கை வாரியம் சில நிமிடங்கள்தான் என்றது. எத்தனை நிமிடம் என்பதைவிட எது போனது என்பது முக்கியம். ஃப்ரெடி தன் காதலி மேரியிடம் தன்னைப் பற்றிச் சொல்லும் காட்சி போனது. அது இல்லாமல் படம் பார்த்தால், அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்பதே விளங்காது. அந்தப் படத்தில் லாம்பர்ட்டும் ஒரு கணம் லாரி ஓட்டுநராக வந்துபோவார்.

தமிழில் எந்தச் சொல்?

இந்தக் கட்டுரையில் 'தன்பாலீர்ப்பாளர்' என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தமிழ்ச் செய்திகளில் நீண்ட காலம் புழங்கியது 'ஓரினச்சேர்க்கையாளர்'. அந்தச் சொல்லில் இருப்பது 'சேர்க்கை', அதாவது உடலுறவு மட்டும். ஒருவர் யாரை விரும்புகிறார், யாரோடு வாழ நினைக்கிறார் என்பதெல்லாம் அதில் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில் தமிழ்நாடு அரசு 2022-ல் இதற்கான மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஊடகங்கள் பின்பற்றுவதற்காக.

பாடகர் ஒருவரின் பிம்பம் அவர் உடுத்துவதில் மட்டும் இல்லை, செய்தி எழுதுகிறவர் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டுகிற சொல்லிலும் இருக்கிறது. கிரிஸ் ஆலனைப் பற்றி எழுதும்போது 'எதிர்பாலீர்ப்புப் பாடகர்' என்று யாரும் தொடங்கியதில்லை.

முதலிடம், அப்புறம் ராஜினாமா

2012 மே மாதம் இரண்டாவது ஆல்பம் 'ட்ரெஸ்பாஸிங்'. முதல் வாரத்தில் சுமார் 77,000 பிரதிகள் விற்று, அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் நேராக முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. ஏற்கெனவே தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்துவிட்ட ஓர் ஆண் பாடகரின் ஆல்பம் அங்கே முதலிடத்தில் அறிமுகமானது அதுதான் முதல் தடவை. எல்டன் ஜான், ஜார்ஜ் மைக்கேல் இருவரும் அந்த இடத்தைப் பிடித்தது வெளிப்படையாகப் பேசுவதற்கு முந்தைய காலத்தில்.

ஆனால் அந்த விற்பனை நிலைக்கவில்லை. அடுத்த ஆல்பத்துக்கு ஆர்சிஏ நிறுவனம் கேட்டது 1980-களின் பழைய பாட்டுகளை மறுபடி பாடித் தர. 2013 ஜூலையில் லாம்பர்ட் பகிரங்கக் கடிதம் எழுதிவிட்டு நிறுவனத்தை விட்டு விலகினார். தன் சொந்தப் பாட்டுகளைத்தான் பாடுவேன் என்பது காரணம். உடனே வார்னர் நிறுவனம் கூப்பிட்டது, 2015-ல் 'தி ஒரிஜினல் ஹை' வந்தது.

இந்தச் சண்டையில் பாலீர்ப்பு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் கேள்வி அதேதான்: மேடையில் நிற்கிற அந்த ஆளை முடிவு செய்வது யார்?

குவீனுக்குப் போனது எப்படி?

ஐடல் இறுதிச் சுற்றில் ஆரம்பித்த பழக்கம் 2011, 2012-ல் சில மேடைகளாகி, 2014-ல் முழு உலகப் பயணமானது. குழுவின் பெயரே 'குவீன் + ஆடம் லாம்பர்ட்'. 2019 ஆஸ்கர் விழாவைத் தொடங்கிவைத்தார்கள், 2022-ல் எலிசபெத் ராணியின் 70 ஆண்டு ஆட்சி விழாவில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு முன்னால் பாடினார்கள்.

ஃப்ரெடியின் இடத்தில் ஒரு ஐடல் பையனா என்று பழைய ரசிகர்கள் முதலில் முறைத்தார்கள். லாம்பர்ட் அதைக் கையாண்ட விதம் கெட்டிக்காரத்தனம். ஃப்ரெடிக்கு மாற்று யாரும் இல்லை, நானும் உங்களை மாதிரி ரசிகன்தான் என்று மேடையிலேயே சொல்லிவிடுவார். மீசை வைத்து, மஞ்சள் ஜாக்கெட் போட்டு ஃப்ரெடி மாதிரி வேஷம் கட்டவில்லை.

ஃப்ரெடி நேராகச் சொல்லாமல் போனதை வெளிப்படையாகச் சொல்லிவிட்ட ஒருவர், அதே பாட்டுகளை அதே தோழர்களோடு பாடுகிறார். 2009-ல் புகார் செய்த வீடுகளிலும் அந்தப் பாட்டுகள் ஓடத்தான் செய்கின்றன.

சிங்கப்பூர் 2015, சிப்பாங் 2023

2015 முடிகிற இரவில் சிங்கப்பூரின் புத்தாண்டு நேரடி நிகழ்ச்சிக்கு லாம்பர்ட்டை அழைத்தது மீடியாகார்ப். அவரை நீக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள், ஆதரித்தும் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். மீடியாகார்ப் பின்வாங்கவில்லை, ஒளிபரப்பு விதிக்குள் நிகழ்ச்சி இருக்கும் என்றது. அவரும் அப்படியே பாடினார். அப்போது சிங்கப்பூரிலும் 377ஏ இருந்தது. 2022 நவம்பரில்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது.

2023 ஜூலை 21 சிப்பாங்கில் நடந்தது வேறு ரகம். 'குட் வைப்ஸ்' விழாவில் தி 1975 குழுவின் மேட்டி ஹீலி மலேசியச் சட்டத்தை மேடையிலேயே திட்டி, தன் குழுவின் ஆண் உறுப்பினரை முத்தமிட்டார். நிகழ்ச்சி பாதியில் நின்றது. மறுநாள் மீதி விழாவையே அரசாங்கம் ரத்து செய்தது. பாட இருந்த உள்ளூர்க் கலைஞர்கள், கடை போட்டவர்கள் எல்லாருக்கும் நஷ்டம். மூன்றே வாரத்தில் கெடா உட்பட ஆறு மாநிலங்களில் தேர்தல், அரசியல் மேடைகளுக்கும் இது கிடைத்துவிட்டது. அவர் விமானம் ஏறிப் போய்விடுவார், பின்விளைவு எங்கள் தலையில் என்று உள்ளூர் தன்பாலீர்ப்பாளர்களே கோபப்பட்டார்கள்.

இதோடு ஒப்பிட்டு லாம்பர்ட்டை 'பணிந்துபோனவர்' என்று இப்போது சிலர் சொல்லலாம். எனக்கு அது ஒப்புதல் இல்லை. ஹீலி தன்னை அப்படி அறிவித்துக்கொண்டவர் இல்லை. அவருக்கு அந்த முத்தம் ஒரு இரவு விஷயம். லாம்பர்ட்டுக்கு இது தினசரி வாழ்க்கை, எந்த ஊரில் எவ்வளவு என்று அளந்து அளந்து பழகியவர். புக்கிட் ஜாலிலில் கச்சேரி முடிந்தபோது, அவர் யார் என்பதில் அரங்கத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை, பின்னால் யாருக்கும் அபராதமும் இல்லை.

சிப்பாங்குக்குப் பிறகு ஏற்பாட்டாளர்களுக்கு 'கில் ஸ்விட்ச்' விதி வந்தது. மீறல் நடந்தால் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். அதே நவம்பரில் புக்கிட் ஜாலிலில் நடந்த கோல்ட்ப்ளே கச்சேரியில் அந்த ஏற்பாடு இருந்தது. பயன்படுத்த வேண்டி வரவில்லை.

இப்போது என்ன செய்கிறார்?

2020-ல் வந்த 'வெல்வெட்' ஆல்பம் எந்தப் பெரிய நிறுவனத்தின் கீழும் இல்லாமல் வெளியிட்டது. 2019-ல் ஃபீல் சம்திங் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார், தன்பாலீர்ப்பு இளைஞர்களுக்கான அமைப்புகளுக்கு உதவ. சமூக உரிமைத் தலைவர் ஆகப் பார்க்கவில்லை என்று 27 வயதில் சொன்னவர்தான்.

2024 செப்டம்பரில் நியூயார்க் பிராட்வேயில் 'கேபரே' நாடகத்தில் நடிக்கத் தொடங்கினார், இந்த முறை மாற்று நடிகராக இல்லை. நாஜிகள் தலையெடுக்கும் பெர்லினில் ஒரு இரவு விடுதியின் நிகழ்ச்சித் தொகுப்பாளர் வேடம், முகம் முழுக்க மை.

அதுக்கு முந்தின வருஷம், 2023 பிப்ரவரியில், 'ஹை டிராமா' என்று ஒரு ஆல்பம் வெளியிட்டார். உள்ளே இருப்பது முழுக்க மற்றவர்களின் பாட்டுகள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஆர்சிஏ கேட்டபோது மாட்டேன் என்று விலகினாரே, கிட்டத்தட்ட அதே யோசனை. இந்தத் தடவை பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தது அவர்.